நூற்றுப் பதினேழாம் பக்கம்

செங்கோட்டையில் வண்டிக்குப் பின்னாலும் ஒரு என்ஜினை மாட்டினார்கள். பெட்டி முன்னே போய்ப் பின்னே வந்து ஒரு குலுக்கலோடு நின்றது. வாசித்துக்கொண்டிருந்த வரி தப்பிவிடாமல் அருமைநாயகம் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார். மலை ஏறணும்லா, அதான் பின்னால இருந்து ஒண்ணு தள்ளும் என்று எதிர் இருக்கை வாழையிலை வியாபாரி யாரும் கேட்காமலே விளக்கினார். புனலூர் ஹோட்டல்களுக்கு வாரம் மூன்று நாள் இலைக்கட்டு கொண்டுபோகிறவராம். தென்காசியில் ஏறியதிலிருந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கதையைக் கேட்டுக்கொண்டு வருகிறார். ஜன்னலோரம் அவர் மனைவி ரூபாவதி, முழு முகத்தையும் திருப்பிப் பிளாட்பாரத்தைப் பார்த்தாள். நேரே இருப்பது மட்டும்தான் அவளுக்கு இப்போது தெரியும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தையே அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். வாசிங்க என்றாள். அவர் வாசித்தார். கழுத்துருட்டி ரயில்வே கேட்டில் வேலை பார்த்த செம்பகம் என்ற விதவையின் கதை. மீட்டர் கேஜ் பாதை இருந்த காலத்துக் கதை. மாவட்ட நூலகத்தில் எடுத்தது. மேலட்டை போய், யாரோ பழுப்புத் தாள் ஒட்டி எண்ணை மட்டும் எழுதியிருந்தார்கள். புனலூர் போகலாம், தொங்குபாலம் பார்க்கலாம், ஒருநாள் தங்கிவிட்டு வரலாம் என்று பேச்செடுத்த மறுநாளே அவள் நூலகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி, அங்கிருந்தவரிடம் அந்த மலைப் பக்கத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்கிய புத்தகம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரைப் பற்றி எழுதியதை முன்னால் வாசிக்காமல் அவள் போனதில்லை. பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தியவள். டீச்சர், நீங்க தஞ்சாவூர் பார்த்திருக்கீங்களா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒருநாள் கேட்டதாம், வாசிச்சிருக்கேன் என்றாளாம், வகுப்பே சிரித்ததாம். அதற்கப்புறம்தான் விடுமுறைக்கு விடுமுறை பயணம், பயணத்துக்குப் பயணம் புத்தகம். கும்பகோணத்துக்கு வெற்றிலைக் கொடிக்கால்காரர்களைப் பற்றி ஒன்று. தரங்கம்பாடிக்குப் பாதிரியார் ஒருவரின் நாட்குறிப்பு. அதில் சொன்ன வீட்டைத் தேடி வெயிலில் ஒன்றரை மணி நேரம் நடக்கவைத்தாள். அங்கே செல்போன் ரிப்பேர்க் கடை இருந்தது. அவர் எரிச்சலோடு நிற்க, அவள் கடைக்காரப் பையனிடம் இந்தச் சுவர் எவ்வளவு கனம் தெரியுமா, முழங்கை நீளத்துக்கு இருக்கும், அளந்து பாரு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அளந்தார்கள். இருந்தது. அன்றைக்குத்தான் அவருக்கு அவள் புத்தகம் சுமப்பதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது.

வண்டி நகர்ந்தது. வாய் வாசித்துக்கொண்டிருக்க மனசு வேறெங்கோ போய்வருவது அவருக்குப் புதிதில்லை. ரயிலில் தபால் பிரிக்கிற வேலையில் முப்பத்திரண்டு வருஷம்; கை ஒரு கடிதத்தைத் தடுப்பில் போடும்போது கண் அடுத்த கடிதத்தின் விலாசத்தில் இருக்கும். எத்தனையோ ஊர் வழியாகப் போயிருக்கிறார், ஒன்றையும் பார்த்ததில்லை. கோவில்பட்டி என்றால் இடது பக்கம் மூன்றாவது தடுப்பு. சாத்தூர் என்றால் அதற்கு மேலே. இப்போதும் அப்படித்தான், வாய் ஒரு வரியில் இருந்தால் கண் நாலு வரி முன்னால் ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் அவள் புத்தகத்தை மூடி, ஒன்றும் சொல்லாமல் அவர் மடியில் வைத்தாள். வரியின் முன்பாதி தெரிகிறது, பின்பாதியை ஊகிக்கிறேன், ஊகிக்கிறதுக்கு எதுக்குப் புத்தகம் என்று பிற்பாடு சொன்னாள். முதலில் அவர் விலாசம் வாசிப்பதுபோல வாசித்தார். கமா வந்தா மூச்சு விடுங்க, முற்றுப்புள்ளி வந்தா நில்லுங்க என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைத் திருத்துவதுபோலத் திருத்தினாள். இப்போது பரவாயில்லை, இலை வியாபாரியே கேட்கிறார். வியாழக்கிழமை. ஏன் வியாழக்கிழமை ஞாபகம் வருகிறது. இன்றைக்குச் செவ்வாய். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஐந்து நாள் ஆகிவிட்டது. கண் டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் இருக்கச் சொன்னார். பேனாவின் தலையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டே பேசினார். கண் பிரஷர் கட்டுப்படலை. இடது கண் ஏற்கெனவே போன மாதிரிதான். வலதும் அதிகபட்சம் ஒரு வருஷம். சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம், ஆனா அதை நம்பி இருக்கவும் வேண்டாம். வீட்டில பக்குவமாச் சொல்லுங்க. பக்குவமாக என்றால் எப்படி? சோறு பக்குவமாக வெந்தது என்றால் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்க்கலாம். இதை எதை நசுக்கிப் பார்ப்பது? வெளியே வந்ததும் என்ன சொன்னாரு என்று கேட்டாள். மருந்தை விடாமப் போடச் சொன்னாரு என்றார். பொய்யில்லை, அதுவும் டாக்டர் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தார், வெள்ளிக்கிழமை அவள் தங்கை போன் பண்ணினாள். சனிக்கிழமை கரண்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தார், பாட்டுப் புத்தகத்தைப் பாராமலே அவள் முழுப் பாட்டையும் பாடினாள், அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அன்றும் போயிற்று. அன்று மத்தியானம் அவள் தூங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தார். ஹாலிலிருந்து அடுக்களை பதினோரு எட்டு. ஒன்பதாவது எட்டில் கட்டில் காலில் முழங்கால் இடித்தது. கட்டில் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும், நாற்பது வருஷமாகத் தெரியும். ஆனாலும் இடித்தது. கண்ணைத் திறந்துவிட்டார். திறந்துவிட முடிந்தது. வலி இன்னும் இருக்கிறது. எண்ணெய் கொதிக்கிற வாணலி, கேஸ் அடுப்பு, குளியலறை வாசலில் அந்த ஒரு படி. வாய் வாசித்துக்கொண்டிருந்தது, செம்பகம் பச்சைக் கொடியைச் சுருட்டிக் கதவு மூலையில் சாத்தினாள்.

பகவதிபுரம் தாண்டியது. தேக்கும் ரப்பரும் தொடங்கிவிட்டன. காற்றில் ஈர மண்ணின் குளிர்ச்சி. ரூபாவதியின் முழங்கை அவர் கையில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் அடுத்த பக்கத்துக்கு வந்தார். நூற்றுப் பதினேழு. வாய், மாலை வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது, செம்பகம் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினாள் என்கிற வரியில் இருந்தது. கண் வழக்கம்போல நாலு வரி கீழே போய் அங்கேயே நின்றுவிட்டது. அவளுக்கு முதலில் போனது ஓரங்கள்தான். அப்படி எழுதியிருந்தது. அதற்குக் கீழே, பார்வை என்ற சொல். அதற்குக் கீழே, சுவர் என்ற சொல். பக்கம் முழுவதும் அதுதான். இந்தப் பொம்பளைக்குக் கண் போகப் போகிறது. முன்னாலேயே புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ கதை இருக்க இந்தக் கதையா, ரயிலையும் மலையையும் எழுதிவிட்டுப் போகக் கூடாதா அந்த ஆள்? கிணற்றடிக்கு, கிளம்பினாள், என்று இழுத்து இழுத்து வாசித்தார். அடுத்த வரியைத் தொடங்குவதற்குள் வண்டி குகைக்குள் நுழைந்தது. பெட்டியில் விளக்கு வரவில்லை. பின் பக்கத்தில் ஏதோ குடும்பத்துப் பிள்ளைகள் ஓவென்று கூப்பாடு போட்டன. சக்கரச் சத்தம் சுவரில் இடித்துத் திரும்பிக் காதுக்குள் வந்தது. குகையா என்றாள் ரூபாவதி. ஆமா, எழுத்து தெரியலை என்றார். அப்படிச் சொல்ல முடிந்ததில் அவருக்கு எவ்வளவு நிம்மதி. இந்தக் குகை முடியாமல் புனலூர் வரைக்கும் போனால் தேவலை. ஒரு பக்கத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். ஒரு பக்கம்தானே. யாருக்குத் தெரியும்? தபாலில் ஒரு கடிதத்தைக்கூட அவர் நிறுத்திவைத்ததில்லை. அது சரி. நிறுத்திவைக்காமல் இருந்ததுதான் அன்றைக்கு வினை. எது இந்த இருட்டில் அதைக் கொண்டுவந்தது என்று தெரியவில்லை, கூப்பாடா, புகைநாற்றமா. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். சனிக்கிழமை வண்டி. சாத்தூர்ப் பையைக் கொட்டினால் ஒரு கார்டு, விலாசத்தில் ரூபாவதியின் பெயர், அவள் அண்ணன் கையெழுத்து. கார்டு என்பதால் திருப்பினாலே தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உன்னைத்தான் கேட்கிறார்கள், உடனே புறப்பட்டு வா. போகிற வழியில் தபாலைப் படிப்பது குற்றம், சொல்வது அதைவிடக் குற்றம். கையெழுத்துப் போட்டுக்கொடுத்துச் சேர்ந்த வேலை. பாளையங்கோட்டைத் தடுப்பில் போட்டார். காலையில் வீட்டுக்கு வந்தார். அவள் காபி கொடுத்தாள். கார்டு எப்படியும் வரத்தானே போகிறது என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்பதை அவர் நினைக்காமல் இல்லை. நினைத்தார். நினைத்துக்கொண்டே காபியைக் குடித்தார். திங்கள் மத்தியானம் கார்டு வந்தது, அவள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தாள், அன்று காலையிலேயே அவள் அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அப்புறம் மூன்று வாரம் இருந்தார், ஒரு சொல் பேசவில்லை. ஒருநாள் முன்னால வந்திருந்தா என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். சொல்லும்போதெல்லாம் அவர் பேப்பரைப் புரட்டுவார், அல்லது தண்ணீர் குடிக்க எழுந்து போவார்.

வெளிச்சம் வந்தது. அருமைநாயகம் இரண்டு தாளாகப் புரட்டினார், ஒட்டிக்கொண்டதுபோல. நூற்று இருபதில் தொடங்கினார். வண்டி வருகிற அதிர்வைத் தண்டவாளத்தில் காலை வைத்தே அறிந்து, செம்பகம் சுவரைத் தடவிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். குரல் மாறாமல்தான் வாசித்தார். அரைப் பக்கம் போயிருக்கும், இலை வியாபாரி கண்ணைத் திறந்தார். "சார், இப்பத்தான வாளியத் தூக்கிட்டுக் கெணத்தடிக்குப் போனா. அதுக்குள்ள எதுக்குச் செவுத்தத் தடவிட்டு நடக்கா? நான் தூங்கிட்டேனோ?" அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். தாள் ஒட்டிக்கிச்சு போல என்றார். பழைய புத்தகம், பசை. அவருக்கே அது பொய்யாகக் கேட்டது. ரூபாவதி முகத்தை முழுக்க அவர் பக்கம் திருப்பினாள். நேருக்கு நேர், அவர் முகம் மட்டும் தெரிகிற அந்தச் சின்ன இடத்தில் அவரைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டதுபோல. நாற்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவள் இப்படிப் பார்த்ததில்லை என்று பட்டது. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். மடியில் புத்தகம், விரல் தவறான பக்கத்தில்.

"எத்தனை பக்கம் விட்டுட்டிய?" என்று கேட்டாள்.

மூணு பக்கம் என்றார். அவளுக்குக் கண் போயிட்டுதா என்று கேட்டாள். ஆமா என்றார். சரி என்றாள். கோபமாக இல்லை, வருகைப் பதிவில் ஒரு பெயருக்கு நேரே குறி போட்டதுபோல ஒரு சரி. அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது, இருந்தாலும் பக்குவம் பக்குவம் என்று அந்தச் சொல் மட்டும் உள்ளே தட்டிக்கொண்டிருந்தது. அவளே சொன்னாள். வியாழக்கிழமையில இருந்து காபி டம்ளரை மேஜையில வைக்காம என் கையில கொண்டுவந்து பிடிக்க வைக்கிய, அப்பவே தெரியும். அவர் அதைக் கவனித்ததே இல்லை. தன் கை தனக்குத் தெரியாமல் இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்ததா? "ஒரு வருஷம்ங்காரு," என்றார். "அதிகபட்சம். வலது கண்ணும்." அவள் விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள். "நான் எட்டு மாசம்னு கணக்கு வச்சிருந்தேன். கட்டில்ல படுத்தமேனிக்கு மாசா மாசம் காலண்டர்ல எத்தனை கட்டம் தெரியுதுன்னு பார்த்துட்டு வாறேன். போன சித்திரையில பன்னெண்டு. இப்ப ஏழு. அப்ப நாலு மாசம் கூடுதல்தான்." இலை வியாபாரி காலுக்கடியில் இருந்த கட்டின் நாரை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார். எட்டு மாதம். அவர் ஐந்து நாளாகத் தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை இவள் மாதக்கணக்கில், அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டே, எதிர்ச் சுவரில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் மறைத்தது இருக்கட்டும், அவளும்தான் சொல்லவில்லை. ஏன் சொல்லலை என்று கேட்க வாயெடுத்தார். கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று பட்டு விட்டுவிட்டார். "எந்த ஊருக்குப் போனாலும் வாசிச்சிட்டுத்தான போறேன்," என்றாள் அவள். "இதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் தெரியாமப் போகணும்? விட்டதை வாசிங்க."

ஆரியங்காவில் வண்டி நின்று கிளம்பியது. அவர் திரும்பப் புரட்டி வாசித்தார். அவளுக்கு முதலில் போனது ஓரங்கள்தான். பார்வை கிணற்று நீரைப்போல வட்டமாகச் சுருங்கியது. கேட்டுக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை தண்டவாளக் கட்டைகள் என்பதைப் பார்வை இருக்கும்போதே காலால் படித்துவைத்தாள். உப்பை உருண்டைச் சட்டியிலும் புளியைக் கழுத்து நீண்ட சாடியிலும் மாற்றினாள். கொதிக்கிற உலையில் கையை நீட்டாமல், கேட்டு அறியப் பழகினாள். அரிசி வேகுமுன் ஒரு சத்தம், வெந்தபின் ஒரு சத்தம். இருட்டு அவளைப் பயமுறுத்தவில்லை. அவள் வந்தால் எல்லோரும் குரலைத் தணித்துக்கொள்ளத் தொடங்கினார்களே, அதுதான் பயமுறுத்தியது. அந்த வரியில் அவர் குரல் தானாகத் தணிந்தது, உடனே நிமிர்த்திக்கொண்டார். சட்டி சாடி விஷயத்தை மறுபடி வாசிங்க என்றாள். வாசித்தார். உருண்டைச் சட்டி நம்மகிட்ட இல்லை, வாங்கணும் என்றாள். அரிசிச் சத்தம் நெஜந்தாம்மா, எங்க சித்தி அப்படித்தான் வடிப்பா என்று வியாபாரி இலைக்கட்டைப் பார்த்தபடியே சொன்னார். அவங்களுக்கும் கண் தெரியாதா என்று ரூபாவதி கேட்டாள். தெரியாது, ஆனா எங்க எல்லாத்தையும் அவதான் ஏசுவா என்றார். ரூபாவதி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அருமைநாயகம் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார். வந்துவிட்டது, தாண்டிவிட்டது, இவ்வளவுதானா, இதற்கா ஐந்து நாள். எதிர்க் காற்றில் தாள் படபடத்தது. அப்போது அவள் சிரிப்பு மாறாமலே, புத்தகத்தில் விட்டதைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"வேற எங்கயாவது விட்டிருக்கியளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். புத்தகத்தைப் பொறுத்தவரை அது உண்மை. இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு வாசித்த எதிலும் ஒரு வரி விட்டதில்லை. ஆனால் குகைக்குள் வந்தது இன்னும் போகவில்லை. முப்பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் குடிக்க எழுந்து போன கால்கள் இந்தப் பெட்டியில் போக இடமில்லாமல் இருந்தன. ஒரு கார்டு என்றார். உங்க அண்ணன் போட்டது, அப்பாவுக்கு முடியலைன்னு. திங்கக்கிழமை வந்துதுல்லா, அது சனிக்கிழமையே என் கைக்கு வந்துட்டு. சொல்லக் கூடாதுன்னு சட்டம். வேலை போயிருமோன்னு பயம். சட்டம் என்று இன்னொரு தடவையும் சொன்னார். அது போதாது என்று தெரிந்து நிறுத்தினார். அவள் முகம் திரும்பவில்லை. நேரே, எதிர்ப் பலகைக்கு மேல் எழுதியிருந்த பெட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அல்லது அது இருக்கும் திசையை.

"ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"ஊறுகாய்க்கு நாரத்தங்காய் நறுக்கிட்டிருந்த," என்றார்.

அவள் முழங்கையை எடுத்துக்கொண்டாள். இருவருக்கும் இடையில் கைப்பையை வைத்தாள். ஆத்திரமாக வைக்கவில்லை, இடம் இருந்தது, வைத்தாள். இடப்பாளையம் போயிற்று. கழுத்துருட்டி வந்தது, கதையில் செம்பகம் கொடி பிடித்த ஊர். கேட்டும் கிணறும் எங்கே என்று தேட அவருக்கு மனமில்லை. பதின்மூன்று கண் பாலத்தின்மேல் வண்டி மெல்ல ஊர்ந்தது. பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாக ஓடினார்கள், கீழே சாலையில் கார்கள் சின்னதாகப் போயின. இதைத்தான் பார்க்க வேண்டுமென்று நூலகத்திலேயே சொன்னாள். பாலம் என்று சொல்லலாமா. சொன்னால் எந்த முகத்தோடு சொல்வது? அவளாகவே பார்த்துவிட்டாளா, கம்பிக்கு அப்பால் வெறும் வெளியாகத் தெரிந்ததா? பையின் வார் அவர் கையில் உரசியது; அதைத் தொடாமல் கையை மடக்கி வைத்துக்கொண்டார். ஒரு நாரத்தங்காயின் வாசனை, எத்தனை வருஷத்துக்கு முந்தியது, மூக்கின் நுனியில் நின்றது. அன்று சொல்லியிருந்தால் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கிளம்பியிருப்பாள், மதிய பஸ், நாலு மணிக்குச் சாத்தூர், அவள் அப்பா பேசியிருப்பார். என்ன பேசியிருப்பார்? அதை இனி எந்தத் தடுப்பிலும் தேட முடியாது. கண் போவதைத் தாங்கிக்கொண்டவள் இதைத் தாங்கமாட்டாளோ. தாங்காவிட்டால் என்ன செய்வது? புனலூரில் இறங்கி அடுத்த வண்டிக்கே திரும்பலாம் என்பாளோ? இலை வியாபாரி, வாசப்பக்கம் காத்து நல்லா வரும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். கட்டு மட்டும் இருந்தது.

தென்மலையில் வண்டி நின்றது. தேநீர்க்காரர் கூவிக்கொண்டு வந்தார். அவர் இரண்டு வாங்கினார். ஒன்றை அவள் கையில் கொடுக்கப் போய், நிறுத்தி, எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் விளிம்புல வைங்க, எடுத்துக்கிடுதேன் என்றாள். வைத்தார். அவள் கை கம்பியைத் தொட்டு, விளிம்புக்கு இறங்கி, தடவிச் சென்று கப்பை எடுத்தது. ஒரு சொட்டு சிந்தியது. குடித்தாள். பிறகு காலிக் கப்பை நசுக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அப்பா பேசாமப் போனதுக்கு நான் லேட்டா வந்த தபாலைக் குத்தம் சொல்லிட்டிருந்தேன் இத்தனை வருஷமும் என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆமா என்றார் அவர். மன்னிப்புக் கேட்க நினைத்தார். அதைக் கேட்க இது இடமில்லை என்று தோன்றியது. கேட்காமல் இருப்பதும் ஒருவகை ஏமாற்றோ என்றும் தோன்றியது. வண்டி கிளம்பியது. காடு மறுபடி நெருங்கி வந்தது. ஒரு மரத்தின் கிளை ஜன்னல் கம்பியில் உரசி, இலை ஒன்றை உள்ளே போட்டுவிட்டுப் போனது.

"எந்தப் பக்கத்துல இருக்கோம்?" என்றாள்.

நூத்திப் பதினேழு முடிஞ்சிருக்கு என்றார். இன்னும் எத்தனை இருக்கு என்று கேட்டாள். தொண்ணூறு பக்கம் போல. அந்தப் பொம்பளை கடைசில என்ன ஆகுதா என்று தனக்குள் கேட்பதுபோலக் கேட்டாள். அவர் கட்டைவிரல் தன்னையறியாமல் புத்தகத்தின் பின்பக்கத்துக்குப் போயிற்று. தாள் சரசரத்தது. அவளுக்குக் காது இருந்தது.

"முடிவைப் புரட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லாதிய," என்றாள். "வரிசையா வாசிங்க."

கைப்பை இருவருக்கும் நடுவிலேயே இருந்தது. அருமைநாயகம் நூற்றுப் பதினெட்டைத் திருப்பி, சக்கரச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி உரக்க வாசிக்கத் தொடங்கினார்.